நடக்காத கொலையின் கேதம்

தளவாயை முதல் தடவை வெட்டிக் கொன்றபோது சில்லாங்கரை மூணு ரோட்டில் சந்தை கூடியிருந்தது. கருவாட்டுக்காரிகள் சாக்கை விரித்து முடித்து, பஸ்ஸுக்கு நின்ற சனம் வெயில் தாங்காமல் டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டிருந்த முற்பகல் நேரம். ரெண்டு பைக்கில் நாலு பேர் வந்து இறங்கி, ஒருத்தன் பின்கழுத்தில், ஒருத்தன் தோளில், ஒருத்தன் தடுத்த கையில், கடைசி ஆள் விழுந்து கிடந்தவன் தொண்டையில் என்று ஆளுக்கொரு வெட்டாகப் பங்கு வைத்து வெட்டிவிட்டு, அரிவாளைக் கருவாட்டுச் சாக்கிலேயே துடைத்துக்கொண்டு வந்த வழியே போனார்கள். சந்தை முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. போலீஸ் வந்து கேட்டபோது எல்லாரும் அந்த நேரம் பார்த்துத் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

தளவாய் அப்படி என்ன பாவம் பண்ணினான் என்றால், வீட்டு முன்னறையில் ‘சில்லாங்கரைச் சேதி’ என்று ஒரு இணையச் செய்தி நடத்தினான். அவன் ஊர் ஊராக அலைந்து சேதி கொண்டுவருவான், அவன் பெண்டாட்டி சந்தனமாரி ஒரு நீலப் போர்வையைச் சுவரில் ஆணியடித்து அதற்கு முன்னால் உட்கார்ந்து வாசிப்பாள். அவள் வாசித்தால் வெங்காய விலைகூட மனசில் நிற்கும், அப்படி ஒரு குரல். அமைச்சர் செண்பகநாதனின் மச்சினன் ஒரு மலைக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டு ரெண்டு மலையைத் தின்கிறான் என்று தளவாய் எழுதினான், சந்தனமாரி வாசித்தாள். அந்த வருஷம்தான் இணையத் தகவல் சீரமைப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருந்தது. ஒரு சேதி பொய் என்று அமைச்சர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் போதும், ஏன் எதற்கென்று கேட்க வழியில்லை, இணையத்தில் அது கிடக்கிற பக்கம் விடியுமுன் அழிந்துவிடும், அதை நாலு பேருக்கு அனுப்பியவனுக்கு ஜெயில். மலைச் சேதி அழிந்தது. பொய் என்று ஆன பிறகும் ரெண்டாவது மலை குறைந்துகொண்டேதான் வந்தது. தளவாய் விடாமல் மறுபடி எழுதினான், அதனால் வெட்டினார்கள்.

அன்று சாயங்காலம் சந்தனமாரி பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்து, ரத்தம் காய்ந்த சேலையோடு அப்படியே நீலப் போர்வைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அழுதால் சேதி கலங்கிவிடும் என்று அழாமல் வாசித்தாள். வெட்டிய நாலு பேர் பேரையும் வாசித்தாள், ஏவிவிட்டவர் பேரையும் வாசித்தாள். விடியப்போகிற நேரத்தில் உத்தரவு வந்துவிட்டது. ‘சில்லாங்கரையில் மேற்படி சம்பவம் எதுவும் நடக்கவில்லை’ என்று செண்பகநாதன் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார், சேதி அழிந்தது. வெளிச்சம் வரும்போது கொல்லைப்பக்கம் யாரோ காறித் துப்புகிற சத்தம் கேட்டது.

“ஏட்டி சந்தனம், பேஸ்ட்டு தீந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று தளவாய் குழாயடியில் நின்று கேட்டான்.

அவள் முதலில் கையில் இருந்த சொம்பை அவன்மேல் எறிந்தாள். அப்புறம் ஓடிப்போய் அவன் மாரில் ரெண்டு கையாலும் அடி அடியென்று அடித்தாள், முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கழுத்தை மோந்து பார்த்தாள். வெட்டு விழுந்த நாலு இடத்திலும் புதுத் தழும்பு சிவந்து கிடந்தது. “வெட்டுனானுவ. நல்லா வலிச்சுது,” என்றான் அவன், வேறொன்றும் சொல்லத் தெரியாமல். ரெண்டு பேரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்கள், நடுவில் சிரித்தார்கள், அவள் போய் ரவா உப்புமா கிண்டினாள்.

சந்தை நேரம் நெருங்கியதும் தளவாயின் கால் தானாகச் செருப்பைத் தேடியது. அவன் உட்காரத்தான் பார்த்தான், கால் விடவில்லை. சந்தனமாரி அவன் காலைக் கட்டிக்கொண்டாள். சேலையை முறுக்கி ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள், கம்பி சட்டத்தோடு பெயர்ந்து வந்தது. அவளையும் கம்பியையும் இழுத்துக்கொண்டே அவன் தெருவழியே நடந்து மூணு ரோட்டுக்குப் போனான். அங்கே நாலு பேரும் அதே பைக்கில், அவர்கள் கால் அவர்களை இழுத்துவந்த இழுப்பில், திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றார்கள். பின்கழுத்து, தோள், கை, தொண்டை. சந்தனமாரியின் கன்னத்தில் ரத்தம் சூடாகத் தெறித்தது. சாயங்காலம் மறுபடி போர்வைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தாள், விடியுமுன் மறுபடி நடக்கவில்லை என்று உத்தரவு வந்தது, கொல்லையில் மறுபடி காறித் துப்புகிற சத்தம்.

இதில் ஊர் ஒன்றும் மலைத்துப்போய்விடவில்லை. டீக்கடை சுடலையாண்டி அண்ணாச்சி பாய்லரைத் தட்டிவிட்டு ஒரே பேச்சில் விளக்கிவிட்டார்: “நடக்கலன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்தாச்சு. அப்ப இனிமேதானவே நடக்கணும்?” அதுதானே என்று எல்லாரும் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார்கள்.

அதற்கப்புறம் அது அம்மன் கோயில் மணி மாதிரி ஊரோடு சேர்ந்துபோயிற்று. அண்ணாச்சி பெஞ்சை ரெண்டடி உள்ளே தள்ளிப் போட்டார், ரத்தம் தெறிக்கிற பக்கம் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தார். மினிபஸ்காரன் வெட்டு முடிகிறவரை பாலத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்தி ஒரு பீடி குடித்தான். கருவாட்டுக்காரிகள் ஆளுக்கொரு பழஞ்சாக்கு தனியாகக் கொண்டுவந்தார்கள், எப்படியும் வந்து துடைப்பார்கள் என்று. ஆஸ்பத்திரிப் பிணவறைக்காரர் விடிந்தால் காணாமல் போகிற பிணத்துக்கு எதற்குப் பூட்டு என்று கதவைச் சும்மா சாத்தினார். கல்யாண வீட்டுக்காரர்கள் தளவாயை விடியற்கால முகூர்த்தத்துக்கு மட்டும் கூப்பிட்டார்கள், பந்தியில் முதல் இலை அவனுக்கு. எதிரே வருகிறவர்கள் “என்ன தளவாய், இன்னைக்கும் உண்டும்லா?” என்று கேட்பார்கள், அவனும் “உண்டு உண்டு” என்று சொல்லிவிட்டுப் போவான். பக்கத்து வீட்டில் அறுத்துக்கட்டாமல், மறுதாலி ஏறாமல் விதவை ஒருத்தி இருந்தாள், அவள் சந்தனமாரியிடம் பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: “உனக்குக் காலையிலயாச்சும் கெடைக்கான். எனக்கு அதுவும் இல்லயே, தாயி.”

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் இன்ஸ்பெக்டர், “ஆளு உசுரோட வந்து கம்ப்ளைண்ட்ல கையெழுத்துப் போட்டா நான் எந்தச் செக்ஷன்லம்மா கொலைக்கேஸ் போட?” என்று நிசமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். பட்டணத்துப் பத்திரிகைக்காரர்கள், எங்களுக்கும் இணையப் பக்கம் இருக்கும்மா, எங்க அலுவலகத்தையே மூடிருவாங்க என்று போனை வைத்துவிட்டார்கள்.

சரி, ஊர்க்காரர்களாவது வந்தார்களா? ஒரு நாள்கூட ஒருத்தர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து துட்டி கேட்டு ஆறுதல் சொல்லவில்லை. அதற்கு ஊரிடம் நியாயம் இருந்தது. சில்லாங்கரையில் சாவென்றால் செத்த வீட்டிலிருந்து கேதம் வரவேண்டும். சொல்கிறவர் வாசலுக்கு வெளியே நின்று, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், இன்னார் இப்படிப் போய்ச் சேர்ந்தார், உடம்பு இங்கே கிடக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும். கேட்டவர் அதை அடுத்த வாசலுக்குச் சொல்லாமல் உள்ளே போகக்கூடாது, பரம்பரைப் பகையாளியானாலும் போய்த் தலைகாட்டாமல் இருக்கக்கூடாது. முன்காலத்தில் இந்த வேலையை ஒரு சாதிக்காரர் தலையில் கட்டிவைத்திருந்தார்கள். அவர்கள் போங்கடா என்று உதறிய பிறகுதான் வீட்டுக்காரர்களே நடக்கப் பழகினார்கள். தளவாய்க்குச் சந்தனமாரி கேதம் சொல்லவே இல்லை. அதனால் ஊர் கண்ணெதிரே வெட்டைப் பார்த்தது, ரத்தத்தைத் தாண்டிப் போய்க் கத்திரிக்காய் வாங்கியது, யாராவது கேட்டால் “கேதம் வரலியே, சொல்லாம கொள்ளாம எப்படிப் போறது?” என்றது. வெட்கங்கெட்ட பேச்சுத்தான். ஆனால் அதைத்தான் பேசினார்கள்.

அவள் ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் மழையில் கேபிள் அறுந்து, சேதியை ஏற்ற வெகுநேரம் ஆகிவிட்டது. மறுநாள் வெயில் ஏறிய பிறகும் கொல்லையில் சத்தம் இல்லை. அவள் வாசலுக்கும் கொல்லைக்கும் பித்துப் பிடித்தவளாக ஓடினாள். உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் உத்தரவு வந்தது, அதற்கப்புறம்தான் வெறுமனே கிடந்த பாயில் அவன் வந்து கண்ணைத் திறந்தான், உடம்பெல்லாம் சில்லிட்டு. ஒரு வாய் காப்பி குடிக்கிறதற்குள் கால் செருப்பைத் தேடிவிட்டது. அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. அவள் வாசித்தால் அமைச்சர் அழிப்பார். அமைச்சர் அழித்தால் புருஷன் எழுந்திருப்பான். அவள் வாசிக்காவிட்டால் அழிக்க ஒன்றும் இருக்காது, அவனும் வரமாட்டான். கேதமாகச் சொல்லிவிட்டாலோ அது வாசலுக்கு வாசல் போய்விடும், எந்தக் கையெழுத்தாலும் அழிக்க முடியாது.

அதிலிருந்து அவள் வாசித்ததெல்லாம் ஊருக்கு இல்லை, செண்பகநாதன் ஒருத்தருக்குத்தான். சாயங்காலமானால் குளித்து, தலை பின்னி, பூ வைத்து, போர்வைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த ஆள் மறக்காமல் கையெழுத்துப் போடவேண்டுமே என்று அவர் பேரை முதல் வரியிலேயே போட்டு, அவருடைய குவாரியை, மச்சினனை, பினாமியை எல்லாம் இழுத்துக் காறித் துப்புகிற மாதிரி வாசித்தாள். யாராவது போன் பண்ணி, அக்கா இதை நாங்களும் அனுப்பட்டுமா என்று கேட்டால் பதறிப்போய், “ஜெயிலுக்குப் போகணுமா? சோலியப் பாரு,” என்று வைத்துவிடுவாள். நாலு பேர் கைக்குப் போனால் அழிக்க நேரமாகும், அவன் லேட்டாக எழுவான். கொன்றவர் கையெழுத்தில் அவள் தாலி தொங்கிக்கொண்டிருந்தது, அதை அவள் தெரிந்தேதான் செய்தாள். அந்தக் காலைப்பொழுதுகள் அப்படி இருந்தன. கல்யாணமான நாளிலிருந்து சேதி சேதி என்று ஓடியவன் இப்போது அடுப்படியில் உட்கார்ந்து அவளுக்குத் தேங்காய் துருவினான், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டான், அவள் பேசுவதை வாயைப் பார்த்துக் கேட்டான். இப்படி ஒரு புருஷன் அவளுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஆனால் ஒவ்வொரு தழும்பும் மிச்சமாகிக்கொண்டே வந்தது. தழும்பின்மேல் தழும்பாகப் பின்கழுத்து எருமைத்தோல் போலத் தடித்துவிட்டது. தடுத்த கையில் விரல் மடங்கவில்லை, பேனா பிடிக்கமுடியவில்லை. அப்புறம் குரல் போய்க் காற்று மட்டும் வந்தது. ஒரு நாள் காலையில் அவன் அந்தக் காற்றில் சொன்னான்:

“வலி பழகிரும்னு நெனச்சேன், சந்தனம். பழகல. நேத்து வெட்டும்போது ஐயோன்னு கத்தக்கூட முடியல, தொண்டையில எடமில்ல.”

“பேசாம காப்பியக் குடிங்க.”

“செத்தது செத்ததா நிக்கணும்ட்டி. இல்லன்னா நான் எழுதினதுக்கு என்ன மருவாதி இருக்கு? ஊருக்கெல்லாம் நிக்கிற மாதிரி வாசி. ஒரு தடவ வாசிச்சாப் போதும்.”

“எனக்கு நீங்க வேணும். உங்க மருவாதிய வச்சு நான் நாக்கு வழிக்கவா?” என்று கத்திவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

வெட்டுகிறவர்களும் நன்றாக இல்லை. ரெண்டு பேர் திருப்பூருக்கு ஓடிப்போய்ப் பனியன் கம்பெனியில் சேர்ந்து பார்த்தார்கள், மறுநாள் சந்தை நேரத்துக்கு மூணு ரோட்டில் அரிவாளோடு நின்றார்கள். தொண்டையை அறுக்கிறவன் இசக்கிராஜ், மீசை அரும்பிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். அவன் ஒரு நாள் காலையில் தளவாய் வீட்டு நடையில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தான். தோள்பட்டை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது, சோற்றைப் பிசைந்தால் ரத்த வாடை வருகிறது என்று சாப்பிடாமல் எலும்பாகியிருந்தான். தளவாய்தான் அவனுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தான்.

“அக்கா, இந்த நியூஸ எப்படியாச்சும் நிக்க வைங்கக்கா,” என்றான் இசக்கிராஜ். “என் பேரயும் போட்டே நிக்க வைங்க. தூக்குல போட்டாலும் ஒரு தடவதானக்கா. என்னால முடியலக்கா, அண்ணன் என்னய கண்ணு கொட்டாம பாத்துகிட்டே சாவுதாரு.”

சந்தனமாரி விளக்குமாறை எடுத்துவந்து அந்த வீங்கிய தோளிலேயே போட்டாள். “எம் புருஷன வெட்டுனவன் எனக்குப் புத்தி சொல்ல வாரியா? எந்திச்சுப் போலே, செத்த மூதி!” அவன் எழுந்து போனான். அன்றும் தொண்டையில் அவன்தான் வெட்டினான், வெட்டிவிட்டு ரோட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

மூணு ரோட்டில் பூ விற்கிற முப்பிடாதிக்குத்தான் பொறுக்கவில்லை. தினமும் தளவாய் விழுந்ததும் ஓடிப்போய்த் தன் பூக்கூடை ஈரத்துணியை அவன் முகத்தில் போட்டு மூடுகிறவள் அவள் ஒருத்திதான். அவள் யாரிடமும் கேட்காமல் ஒரு சாயங்காலம் சந்தனமாரி வாசித்ததைத் தன் போனிலிருந்து அவள் பூ கொடுக்கிற வீடுகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். அழிக்கிறவர்கள் ஒவ்வொரு போனாகத் தேடி, அதற்கெல்லாம் கையெழுத்து வாங்கி அழிக்க, மறுநாள் தளவாய் பிணவறையில் வெகு நேரம் கட்டையாகக் கிடந்துதான் எழுந்தான். சந்தனமாரி நேராக மூணு ரோட்டுக்குப் போய் முப்பிடாதியின் கூடையை எட்டி உதைத்தாள்.

“எவளக் கேட்டு அனுப்புன? எம் புருஷன் செத்துத் தொலையட்டும்னு நெனைக்கியா?”

முப்பிடாதி மண்ணில் சிதறிய பிச்சிப்பூவைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: “அவரு தெனம் சாவுதத நீ வீட்டுல இருந்து பாக்க. நான் பக்கத்துல இருந்து பாக்கேன், மைனி.”

அதற்கு மறுநாள் அவளை வெட்டினார்கள். அமைச்சருக்கு இதில் ஒரு சௌகரியம் தெரிந்துபோயிருந்தது. சில்லாங்கரையில் செத்தால் கேஸ் கிடையாது. தளவாய்க்கு வெட்டு விழுந்து முடிந்த கையோடு, புதிதாக வந்த ஒருத்தன் பூக்கூடைக்கு முன்னால் குனிந்து, ரெண்டு முழம் கொடு என்று கேட்டு, அவள் அளக்கக் கையை நீட்டியபோது வெட்டினான். முதலில் அந்தக் கையை, பிறகு தலையை. பிச்சியும் கனகாம்பரமும் ரத்தத்தில் மிதந்து சாக்கடைப் பக்கம் போயின. ஊர் தகரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தது. நாளைக்குத்தான் எழுந்திருப்பாளே என்று வியாபாரத்தைப் பார்த்தது.

முப்பிடாதி எழுந்திருக்கவில்லை. அவள் வெட்டுப்பட்டதை யாரும் வாசிக்கவில்லை, சந்தனமாரி தன் புருஷன் சேதியோடு நிறுத்திக்கொண்டாள், யாரும் வாசிக்காததால் யாரும் அழிக்கவில்லை, அழிக்காததால் அது நடந்ததாகவே நின்றுவிட்டது. பிணவறையில் பூட்டாத கதவுக்குப் பின்னால் அவள் ரெண்டு நாள் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் அவள் மகள் செல்லக்கிளி, நர்சிங் படிக்கிறவள், யூனிபாரத்தோடு சந்தனமாரி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

“அத்தை, எங்கம்மா செத்துட்டா,” என்றாள். “சாவு நாலாளு தூக்காம கெடக்கு. வீடு வீடாப் போனேன். ‘நீ சின்னப்புள்ள, நாளைக்கு வந்துருவா’ன்னு சொல்லிக் கதவச் சாத்துதாங்க. தளவாய் மாமா வாராருல்லா, அவளும் வருவாங்காங்க. அத்தை, நீங்க மாமாவுக்குக் கேதம் சொல்லாததுனால எங்கம்மாவுக்கும் யாரும் காது குடுக்க மாட்டேங்காங்க.”

இத்தனை நாள் சந்தனமாரி தன் வீட்டு அடுப்படியை மட்டும் காவல் காத்தாள். வெளியே ஊர் முழுக்கச் சாவு என்றால் திரும்பி வருவது என்று பழகி, ஒரு கொலையைப் பார்த்தால் பதறுகிற நரம்பையே அறுத்துப் போட்டுவிட்டது. அதில் முக்கால்வாசி அவள் கைவேலை. அவளுக்குத் தன்மேல் அப்படி ஒரு அருவருப்பு வந்தது. பின்னால் திரும்பினாள். தளவாய் துருவிய தேங்காயோடு நின்றுகொண்டிருந்தான், எல்லாம் கேட்டுவிட்டிருந்தான்.

“இன்னைக்குச் சொல்லப்போறேன்,” என்றாள். “நாளைக்கு வரமாட்டீங்க.”

“சரி.”

“சரின்னா என்ன சரி? அழுங்களேன்!”

அவன் அழுதான். குரல் இல்லாத அழுகை, தோள் மட்டும் குலுங்கியது. அவள் அவனுக்கு வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டினாள், ஒவ்வொரு தழும்பாகத் தேய்த்தாள். கல்யாணச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். கால் செருப்பைத் தேடியபோது அவளே எடுத்துவந்து மாட்டிவிட்டாள்.

மூணு ரோட்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள், அரிவாள் இறங்கியபோதும் விடவில்லை, அவள் மணிக்கட்டிலும் ஒரு வெட்டு விழுந்தது. அவன் அடங்கியதும் அவள் தலைமுடியை அவிழ்த்துப்போட்டாள், செருப்பைக் கழற்றி எறிந்தாள், போனைத் திருப்பி முகத்துக்கு நேரே பிடித்து, உலகமே பார்க்கிற மாதிரி நேரலையில் வைத்துக்கொண்டு, நேராக டீக்கடை வாசலுக்குப் போய் நின்றாள். வணக்கம் சொல்லவில்லை, செய்திகள் வாசிப்பது என்று சொல்லவில்லை.

“அண்ணாச்சி, கேதம் சொல்ல வந்திருக்கேன். எம் புருஷன் தளவாய் போயிட்டாரு. அரிவாளால வெட்டிக் கொன்னுட்டாங்க, ஏவுனது அமைச்சர் செண்பகநாதன். பூக்கார முப்பிடாதியும் போயிட்டா, அதுவும் வெட்டுத்தான். அவரு மூணு ரோட்டுல கெடக்காரு, அவ ஆஸ்பத்திரியில கெடக்கா. நாளைக்கு எடுப்பு. சொல்லிட்டேன்.”

சுடலையாண்டி அண்ணாச்சி கழுவிக்கொண்டிருந்த கிளாஸை அப்படியே வைத்தார். அவரும் ஜெயிலுக்குப் பயந்தவர்தான், ஆனால் கேதம் கேட்டுவிட்டு அடுத்த வாசலுக்குச் சொல்லாமல் இருந்தால் தன் சாவுக்கு நாய்கூட வராது என்பது அதைவிடப் பெரிய பயம். ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தண்ணி குடிச்சிட்டுப் போம்மா என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டு, பாய்லரை அணைத்துவிட்டுப் பலசரக்குக் கடைக்கு நடந்தார். நடந்துகொண்டே மகளுக்குப் போனில் அனுப்பினார். கருவாட்டுக்காரிகள் கூடையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள். மினிபஸ்காரன் நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கிச் சொன்னான். சந்தனமாரி மணிக்கட்டில் ரத்தம் சொட்டச் சொட்ட வாசல் வாசலாகப் போய் நின்றாள், இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றாள், இசக்கிராஜ் வாசலிலும் நின்றாள். அவன் அவள் காலைப் பார்த்துக்கொண்டு, “வாரேன்க்கா,” என்றான்.

அன்று பொழுது சாய்வதற்குள் கேதம் ஜில்லாவைத் தாண்டிவிட்டது. கோயம்புத்தூரில் மெஷின் ஓட்டுகிறவன், துபாயில் கொத்துவேலை பார்க்கிறவன், யாரென்றே தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாம் அவள் சொன்ன கேதத்தைக் கேட்டு, அடுத்த வாசலுக்கு அனுப்பினார்கள். சட்டத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக அமைச்சர் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது, அந்த அதிகாரத்தை அவர் வேறு யாரையும் நம்பி விட்டிருக்கவும் இல்லை. செண்பகநாதன் கையெழுத்துப் போட்டார், போட்டார், ஒன்று அழிக்க நூறு முளைத்தது. மணிக்கட்டு வீங்கி, விரல் நகத்தில் ரத்தம் கட்டி, பச்சை மையோடு கலந்து காகிதமெல்லாம் கறையானது. அப்போது அவர் வீட்டுச் சமையல்காரம்மா உள்ளே வராமல் நிலைக்கு வெளியே நின்று சொன்னாள்: “ஐயா, சில்லாங்கரை தளவாயும் பூக்கார முப்பிடாதியும் போயிட்டாங்களாம். கேதம் வந்திருக்கு.” சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள், அந்த வீட்டில் அதற்கப்புறம் அவள் அடுப்பு பற்றவைக்கவில்லை.

சில்லாங்கரையில் தளவாயை மூணு ரோட்டிலிருந்து ஊரே தூக்கிவந்து முன்னறையில், நீலப் போர்வைக்குக் கீழே கிடத்தியது. முப்பிடாதியையும் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தினார்கள். பொம்பளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள், இத்தனை நாள் அழாததையும் சேர்த்து அழுதார்கள். இசக்கிராஜ் அரிவாளை இன்ஸ்பெக்டர் காலடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினான். இன்ஸ்பெக்டர் பிணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எழுதிக்கொள்ளத் தாள் கேட்டார்.

வெளுக்கிற நேரத்துக்குச் சந்தனமாரி ஒருத்திதான் முழித்திருந்தாள். ஒரு கையைப் புருஷன் பாதத்தில் வைத்திருந்தாள், மறுகையில் போன். கொல்லைப்பக்கம் வெளிச்சம் வந்தது. அவளுக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தாள், இருந்தாலும் காது அங்கேயே கிடந்தது. குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாதம் சில்லென்று இருந்தது. போனைத் தட்டிப் பார்த்தாள், சேதி இருந்தது. மறுபடி தட்டினாள், இருந்தது. ஆயிரம் பேர் பக்கத்தில், பத்தாயிரம் பேர் பக்கத்தில், ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே இருந்தது.

அவள் போனைத் தரையில் ஓங்கி அடித்தாள். மாரிலும் தலையிலும் அடித்துக்கொண்டு எழுந்து, வெட்டுப்பட்ட கையில் கட்டிய துணி அவிழ்ந்து ரத்தம் ஓட, வாசலில் நின்று தலைநகர் இருக்கிற திசையைப் பார்த்து, ஊர் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினாள்:

“ஏலே செண்பகநாதா! கட்டையில போறவனே! இத்தன நாளு போட்டியே, இன்னைக்கு ஒரு நாள் போட ஒனக்குக் கை இல்லாமப் போச்சா? அழியேன்லே! எம் புருஷன் செத்துட்டாருலே, வந்து அழியேன்!”

சேதி அழியவில்லை. படுத்திருந்த பொம்பளைகள் எழுந்து ஓடிவந்து அவளைப் பிடித்தார்கள்.